பக்கத்து வீட்டு மாறிலி

அன்று அந்தப் புத்தகத்தை நான் ஏன் திறந்து பார்க்கவில்லை?

அது மேசையில்தான் கிடந்தது. ஆறாம் ஆண்டுக் கணிதப் புத்தகம். பழைய கலண்டர்த் தாளால் நானே உறை போட்டது. கையை நீட்டினால் எட்டும். பக்கத்தைத் தேடி வாசிக்க ஐந்து நிமிடம் போதும். களைப்பாக இருந்தது, சின்னவள் அழுதாள், சோறு ஆறிக்கொண்டிருந்தது என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அடுத்த நாள் பார்த்தால் எல்லாமே சாட்டாகத் தெரிகிறது.

நாங்கள் இருப்பது இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊர்களில் ஒன்றில். கணவருக்கு வயல். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. நான் உயர்தரம் வரை படித்தேன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ சித்தி. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் என்று சொல்லிக் காட்ட என்னிடம் இருப்பது அந்த ஒரு எழுத்துதான். அதன் அத்தாட்சிப் பத்திரம் இன்னும் அலுமாரியில் பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது.

மூத்தவளுக்கு முதலாம் ஆண்டிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவளோடு சேர்ந்து நானும் படித்தேன் என்றே சொல்லலாம். அவள் சித்தியடைந்தபோது கோயிலிலும் கடையிலும், "தாய் விடாமல் இருத்திப் படிப்பிச்சவ" என்று சொன்னார்கள். அந்த ஒரு வசனத்திலேயே ஒரு வருடம் சீவித்தேன்.

எங்கள் பின்வேலிக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது குறைவு. அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்தது வன்னியில்தான், ஆனால் வீட்டுப் பேச்சு இன்னும் மலையகப் பேச்சு. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலாம் ஆண்டு படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். என் மூத்தவள் அந்தத் தாயை அன்ரி என்று கூப்பிடுவாள்.

சிறுபோகத்தில் கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்குகிற நாட்களில் அவள் வீட்டு முற்றம்தான் ஊரின் நடு மாதிரி. கச்சான் போட்ட தோட்டக்காரர் பிடுங்கின செடிகளை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து வேப்பமரத்தின் கீழ் குவித்துவிட்டுப் போவார். ஆறேழு பெண்கள் சுற்றியிருந்து காய்களை ஆய்வார்கள். பின்னேரம் தோட்டக்காரர் ஒரு நீல வாளியோடு வந்து அளப்பார். வாளிக் கணக்கில்தான் கூலி. ஆகவே அளக்கும்போது ஒருவரும் கண்ணை எடுக்கமாட்டார்கள். அவர் குவித்து அளக்கப் பார்ப்பார். பெண்கள் விடமாட்டார்கள். வாளியின் விளிம்போடு ஒரு தடியால் இழுத்து மேலே நிற்பதைத் தள்ளிவிட வேண்டும். தலை தட்டி அளப்பது என்பார்கள்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்ட கையோடு, ஆள் நுழைய வேலியில் விட்ட பொட்டுக்குள்ளால் அங்கே போய்விடுவாள். முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றா சொன்னேன்? நினைத்தேன். அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதில் என் பிள்ளையின் குரலைத் தேடினேன். அவள் எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பதில்லை. திரும்பி வரும்போது கையெல்லாம் மண் மணக்கும். ஒரு நாள் தங்கச்சியைப் பார்த்து, "என்னா புள்ள, எத்தன தடவ சொல்றது?" என்றாள். "எத்தினை எண்டு சொல்லு" என்று திருத்தினேன். திருத்தின பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

அங்கே அவித்த கச்சானை அவள் அப்படி விரும்பிச் சாப்பிடுகிறாள் என்று நானும் ஒரு நாள் அவித்தேன். இரண்டைத் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கம்மா" என்றாள். மிச்சம் சட்டியிலேயே கிடந்தது. கணவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, "உமக்கு எரியுது" என்றார்.

"எனக்கென்ன எரிச்சல்? பிள்ளை படிக்கிற நேரம் போகுது எண்டு சொல்லுறன்."

"ஓமோம், அந்தப் புகைதான் இஞ்ச மணக்குது."

இந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதம் தொடங்கினார்கள். மாறி, மாறிலி. மூத்தவள் அதைக் கேட்டபோது நான் சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். எனக்கு நல்ல நினைவு இருந்த பாடம் என்று சந்தோசப்பட்டேன்.

"அது சுகம். இலக்கம் வந்தால் மாறிலி. எழுத்து வந்தால் மாறி. ஐஞ்சு எண்டைக்கும் ஐஞ்சுதானே? எக்ஸ் எதுவாயும் இருக்கலாம்."

அவள் பென்சிலின் பின்பக்கத்தால் தலையைச் சொறிந்தாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"அம்மா, எங்கட பள்ளிக்கூடத்திலை மொத்தம் எத்தினை சன்னல் எண்டு எனக்குத் தெரியாது. அதுக்கு எக்ஸ் எண்டு போட்டால்? சன்னல் மாறாதே?"

நல்ல கேள்வி. இப்போது தெரிகிறது. அன்று எனக்குக் கையில் சோறும் மடியில் பிள்ளையும் இருந்தன.

"எழுத்துப் போட்டால் மாறிதான். எழுது."

எழுதினாள். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. அதில் எனக்கு எப்போதும் பெருமை.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம், அவளைக் கூப்பிட வேலியடிக்குப் போனேன். கொப்பியோடு போயிருக்கிறாள் என்பதை அப்போதுதான் கண்டேன். என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டிய கொப்பி, செடிக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணில் விரிந்து கிடந்தது. நான் கூப்பிடவில்லை. வேலிக் கதியால் மறைவில் நின்றேன்.

மகள் வீட்டுவேலையை வாசித்தாள். ஒரே மாதிரியான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பென்சில், ஒரு பெட்டியில் எத்தனை பென்சில் என்று தெரியாது, அதற்கு ஒரு எழுத்து. மாறியா மாறிலியா?

பக்கத்து வீட்டுக்காரி காய் ஆய்கிற கையை நிறுத்தவேயில்லை.

"இந்தா பாரு புள்ள. மொதலாளியோட நீல வாளி இருக்குல்ல? தல தட்டி அளந்தா அதுல எத்தன கச்சான் புடிக்கும்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எண்ணிப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு? ஆனா நேத்து அளந்த வாளியும் இன்னைக்கு அளக்குற வாளியும் வேற வேறயா?"

"இல்லை, ஒண்டுதான்."

"அப்ப அது மாறுமா?"

மகள் பென்சிலின் பின்பக்கத்தால் தலையைச் சொறிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தெரியாது. ஆனா மாறாது."

"அம்புட்டுத்தான். இப்ப, ஒரு நாளைக்கு நான் எத்தன வாளி ஆய்வேன்?"

பக்கத்திலிருந்த பெண் குறுக்கே விழுந்தாள். "அது இவ வாயப் பொறுத்தது. மூடியிருந்தா ஏழு வாளி. தொறந்தா நாலு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிங்க, சிரிங்க. ஆனா அதான் புள்ள. அது நாளுக்கு நாள் மாறும். ரெண்டுமே நமக்குத் தெரியாது, ஆனா ஒண்ணு மாறும், ஒண்ணு மாறாது. எழுத்து எதுக்கு வேணும்னாலும் போட்டுக்க, எனக்கென்ன."

"வாளி மாறாதுன்னு மட்டும் சொல்லாத" என்றாள் இன்னொருத்தி. "போன வருசம் அந்த ஆளு பெரிய வாளிய எடுத்துக்கிட்டு வரல?"

"வந்தாரு. பாத்த ஒடனே திருப்பி அனுப்பினோம்ல? நாம விட்டாத்தானே மாறும்."

நான் அப்படியே நின்றேன். எட்டாம் ஆண்டோடு நின்ற ஒருத்தி என் பிள்ளையின் சன்னல் கேள்விக்கு, அந்தக் கேள்வியையே கேட்காமல், பதில் சொல்லிவிட்டாள். எனக்கு முதலில் வந்தது சந்தோசமாக இருந்திருக்கலாம். பிள்ளைக்கு விளங்கினால் போதும் என்றுதானே ஒரு தாய் நினைக்க வேண்டும். எனக்கு வந்தது அதில்லை. கணவர் சொன்ன அந்த எரிச்சல்தான். அந்தப் பெட்டிப் பென்சில் கணக்கை என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தது நல்ல நினைவாக இருக்கிறது. அந்த யோசனை எங்கே போய் முடிந்தது என்பதுதான் நினைவில்லை.

"இஞ்ச வா, நேரம் என்ன?" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

பொட்டுக்குள்ளால் குனிந்து வரும்போதே அவள் முகம் பூரித்திருந்தது. "அம்மா, எழுத்துப் போட்டாலும் மாறிலியா இருக்கலாம்!"

"ஆர் சொன்னது?" தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அன்ரி. கச்சான் வாளியை வைச்சுச் சொன்னவா."

குசினிக்குள் வந்து சோற்றுத் தட்டை அவள் முன் வைத்தேன்.

"ஒரு வாளியிலை இருக்கிற கச்சான் எல்லாம் ஒரே அளவே? பெருசு கொஞ்சம் வந்தால் எண்ணிக்கை குறையும். சின்னது வந்தால் கூடும். அப்ப வாளிக்கு வாளி மாறும்தானே? அது பிழை. நான் சொன்ன மாதிரி எழுது."

இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். கச்சானை எண்ணினால் வாளிக்கு வாளி வித்தியாசம் வரத்தான் செய்யும். ஆனால் கேள்வி கச்சானைப் பற்றியதல்ல. பென்சிலைப் பற்றியது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே அளவு என்று கேள்வியிலேயே இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரியின் உதாரணத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள்ளால் அவளுடைய விடையையும் தூக்கி எறிந்தேன்.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "புத்தகத்திலை ஒருக்காப் பாப்பமா அம்மா?"

"எனக்குத் தெரியாததே புத்தகத்திலை இருக்கு? சாப்பிடு, சோறு ஆறுது."

அவள் சாப்பிட்டாள். பிறகு அழிறப்பரால் கொப்பியில் எதையோ அழித்து, அழித்த இடத்தில் எழுதினாள். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அழிறப்பர் உரசுகிற சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறுதலாக இருந்தது.

அடுத்த கிழமை வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன், "பரவாயில்லையம்மா" என்றாள். பேப்பர் தந்தார்களா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றாள். நம்பினேன். எனக்கு அவள் பொய் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை, சின்னவளின் துணிகளைக் காயப்போட வேலியடிக்குப் போனபோது அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. அன்று வேறு பெண்கள் இல்லை. கச்சான் முடிந்துவிட்டது. முற்றம் கூட்டியிருந்தது. அவளும் என் மகளும் மட்டும்.

"அன்னைக்கு நீ நல்லாத்தானே சொன்ன? தெரியாது ஆனா மாறாதுன்னு. இந்தப் பரிச்சப் பேப்பர்ல ஏன் ரெண்டு எடத்துலயும் மாறின்னு எழுதி வச்சிருக்க?"

"நான்தான் அன்ரி அவசரத்திலை மாத்தி எழுதிப்போட்டன்."

"அம்மாகிட்ட காட்டினியா?"

"இல்லை."

"ஏன், அடிப்பாங்களா?"

"சீ. அம்மா அடிக்க மாட்டா." பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. "அவாவுக்குக் கவலையாப் போயிடும்."

என் கையிலிருந்த ஈரத்துணி தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவசரத்தில் மாற்றி எழுதவில்லை. நான் எழுதச் சொன்னதைத்தான் எழுதினாள். அதை அவள் என்னிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பாதுகாத்திருக்கிறாள். அது கூட எனக்குத் தெரிய வந்தது அந்த முற்றத்திலிருந்துதான். அந்த நேரத்திலும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? பேப்பரை என்னிடம் காட்டாமல் அவளிடம் காட்டியிருக்கிறாளே என்பது. என்னை நானே வெறுத்தது அதற்குப் பிறகுதான்.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தேன். நின்றபடியே வாசித்தேன். ஒன்றரைப் பக்கம்தான். மாறாத ஒன்றின் பெறுமதி தெரியாவிட்டால் அதையும் ஒரு எழுத்தால் குறிக்கலாம் என்று தெளிவாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததிலும் இது இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில் நின்றது விதியின் பாதி மட்டும். எத்தனையோ வருடமாக அந்தப் பாதியை முழுசு என்று நினைத்துக்கொண்டு, ஏ சித்தி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன்.

"இதென்ன பெரிய விசயமே? ரெண்டு புள்ளி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லிவிடுமன்."

பிழையாகச் சொன்னேன் என்று சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. ஆசிரியர்மாரும் பிழை விடுவார்கள். எனக்கு வாயில் வராதது மற்றது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது பிழையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது. சரியாக இருந்துவிடுமோ என்ற பயத்தில்தான் புத்தகத்தைத் திறக்காமல் விட்டேனோ என்பது.

அன்றிலிருந்து அவளை மறுபடியும் பக்கத்தில் இருத்திப் படிப்பிக்கிறேன். மறுபேச்சில்லாமல் வந்து இருக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் "ஓம் அம்மா" என்கிறாள். பென்சிலால் தலை சொறிவதில்லை. சன்னல் மாதிரி ஒரு கேள்வி இல்லை. போன கிழமை வேண்டுமென்றே ஒரு கூட்டலைப் பிழையாகச் செய்து காட்டினேன், பிடிக்கிறாளா என்று. பார்த்தாள். அவள் கண்டுவிட்டாள் என்று அவள் கண்ணில் எனக்குத் தெரிந்தது. "ஓம் அம்மா" என்றாள்.

இரண்டு பெட்டி, பத்துப் பென்சில் தொலைந்தால் தேடலாம். என் பிள்ளை என்னிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள் என்றால் அதை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு மேல் ஒன்று நடந்தது. நேற்று முன்தினம் பக்கத்து வீட்டுக்காரி முன்வாசலால் வந்தாள். பொட்டுக்குள்ளால் வரவில்லை. தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, கையில் அவித்த கச்சான் ஒரு பையோடு நின்றாள்.

"வாங்கோ, இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. எங்க புள்ள அடுத்த வருசம் பரிச்ச எழுதணும். எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்? நீங்க கொஞ்சம் ஒங்க புள்ளையோட சேத்து அதையும் ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"உங்களுக்கு நல்லா விளங்கப்படுத்த வருமே" என்றேன். என் குரலில் குத்தல் இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவள் கையை உதறிச் சிரித்தாள். "யாரு, நானா? நான் கச்சானப் பத்தி என்னமாச்சும் ஒளறுவேன். ஒங்க மக எப்பவும் சொல்லும், எங்க அம்மா மாதிரி கணக்கு யாருக்கும் தெரியாதுன்னு. ஏக்கா, அதக் கேட்டுத்தானே நான் இங்க வந்து நிக்கிறேன்."

எப்பவும் சொல்லுமாம். அந்த வகுப்புப் பரீட்சைக்கு முதல் மட்டும் சொன்னாளா, பிறகும் சொன்னாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "ஓம், வரச்சொல்லுங்கோ, சனிக்கிழமையிலிருந்து தொடங்குவம்" என்றேன்.

அவள் போன பிறகு மூத்தவள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். பையிலிருந்து ஒரு கச்சானை எடுத்து உடைத்து, ஒரு பருப்பைத் தங்கச்சியின் வாயிலும் மற்றதை என் கையிலும் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கப்போகிறார்கள். தாய் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்போதே, மூன்று பேருக்கும் கேட்க, அன்று நீங்கள் சொன்னதுதான் சரி, என் பிள்ளை என் சொல்லைக் கேட்டுத்தான் பிழையாக எழுதினாள் என்று சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்னால், இத்தனை நாள் என்னைக் காப்பாற்றி வைத்த பிள்ளையை மற்றவர்கள் முன் காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்றும் நினைக்கிறேன். அவளைத் தனியாக இருத்தி, கணக்கை மட்டும் திருத்தினால் போதுமா? அல்லது எனக்குப் பொறாமையாக இருந்தது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாய் சொல்லலாமா? சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்குமா, இன்னொரு பாரம் ஏறுமா?

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். தாயிடம் கேள்வி கேட்பதை ஒரு காலத்தில் நிறுத்திக்கொண்ட பிள்ளைகளாக இருந்தவர்களும் இருப்பீர்கள். உங்களில் யாருக்காவது உங்கள் தாய் இப்படி வந்து சொல்லியிருந்தால், எந்தச் சொற்களால் சொல்லியிருந்தால் நீங்கள் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முதல் வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.